‘டர்போ போய்விட்டது’ என்று முடிவு செய்வதற்கு முன்

நாசிக்கிலிருந்து மும்பைக்கு வெங்காயமும் திராட்சையும் வருகின்றன. இமாச்சல மலைகளிலிருந்து சமவெளிச் சந்தைகளுக்கு ஆப்பிள் இறங்குகிறது. பெரிய லாரிகள் நுழைய இயலாத தோட்டப் பாதைகளிலும் நகரத்துச் சந்துகளிலும் இந்தச் சரக்கை ஏற்றி இறக்குபவை, ஒன்றிலிருந்து இரண்டு டன் வரை சுமக்கும் டீசல் பிக்கப் வண்டிகளே. இவற்றுள் மிகப் பல, ஒரே ஒரு வண்டியை மட்டும் உடைமையாகக் கொண்டவர்களுக்கு உரியவை. பெரும்பாலான வண்டிகளின் பதிவுச் சான்றில் ஏதேனும் ஒரு வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் அடமானக் குறிப்பாக இடம்பெற்றிருக்கும்.

கடன் வழங்கும்போது வண்டியின் விலை, விண்ணப்பதாரரின் வருமானம், காப்பீடு, பிணை ஆகிய அனைத்தும் ஆராயப்படுகின்றன. வண்டி சாலைக்கு வந்தபின், தவணை வருகிறதா என்பதை மட்டும் வங்கி பார்க்கிறது. வாடகை வருகிறதா என்பதை மட்டும் உரிமையாளர் பார்க்கிறார். தவணையையும் வாடகையையும் ஈட்டித்தரும் எஞ்சினை, அது நின்றுபோகும் நாள்வரை இருவருமே பார்ப்பதில்லை. இது மாறவேண்டும் என்பது நமது கருத்து. குறிப்பாக, டர்போசார்ஜர், எக்ஸாஸ்ட் வால்வு ஆகிய இரண்டு உறுப்புகளைக் காலமுறைப்படி சோதிப்பதை, தவணை செலுத்துவதற்கு இணையான கடமையாக ஒவ்வொரு பிக்கப் உரிமையாளரும் கொள்ளவேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

ஒரு பழுது கணக்கேட்டில் எவ்வாறு தெரிகிறது

முதலில் கணக்கைப் பார்ப்போம். 7 லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டுக்கு 10.5 சதவீத வட்டி, 5 ஆண்டுத் தவணைக்காலம் என்று வைத்துக்கொண்டால், மாதத் தவணை ஏறத்தாழ 15,000 ரூபாய் ஆகும். டீசல், சுங்கம், ஓட்டுநர் படி ஆகியவை போக நாளொன்றுக்கு 1,200 ரூபாய் மிஞ்சுவதாகவும், மாதத்தில் 26 நாள் வண்டி ஓடுவதாகவும் கொள்வோம். மாத வரவு 31,200 ரூபாய். தவணை போக மீதமுள்ள 16,000 ரூபாயில் குடும்பம் நடக்கிறது.

அந்த மாதம் எஞ்சின் பழுதாகி வண்டி 8 நாள் பட்டறையில் நின்றால் 9,600 ரூபாய் வரவு குறைகிறது. பழுதுச் செலவு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மொத்த இழப்பு 39,600 ரூபாய். முழு மாத வரவையும் இது விழுங்கிவிடுகிறது. இவை எடுத்துக்காட்டுக்கான எண்களே. தங்கள் வண்டிக்குரிய எண்களை இட்டு வாசகர்கள் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். விடையின் போக்கு பெரிதாக மாறாது.

இதன் அடுத்த கட்டத்தை வங்கித் துறையினர் நன்கு அறிவர். தவணை தவறிய முதல் 30 நாட்களுக்குள்ளேயே அக்கணக்கு கண்காணிப்புப் பட்டியலின் முதல் படிக்கு வந்துவிடுகிறது. 31-ஆம் நாளில் இரண்டாம் படி, 61-ஆம் நாளில் மூன்றாம் படி. 90 நாட்களைக் கடந்தால் அது வாராக்கடன். ரிசர்வ் வங்கியின் விதி, வண்டி நின்ற காரணத்தைக் கேட்பதில்லை. கடன் வரலாற்றில் பதியும் அந்தத் தடம், பின்னாளில் வீட்டுக்கடனோ கல்விக்கடனோ கேட்கும்போது குறுக்கே நிற்கிறது. ஆயில் மாற்றுவதில் மிச்சப்படுத்திய சில ஆயிரம் ரூபாய், மகளின் கல்விக்கடன் வரை சென்று எதிரொலிக்கக்கூடும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

காப்பீடு காப்பாற்றும் என்று சிலர் நம்பியிருக்கின்றனர். விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கே மோட்டார் காப்பீடு பொறுப்பேற்கிறது. தேய்மானத்தாலும் இயந்திரப் பழுதாலும் விளையும் இழப்பை வழக்கமான பாலிசி ஏற்பதில்லை. ஆகவே டர்போ பழுதின் செலவு முழுவதும் உரிமையாளரின் கைப்பொறுப்பு.

டர்போ என்ன செய்கிறது

சிலிண்டருக்குள் எரிந்து வெளியேறும் புகைக்கு இன்னும் வெப்பமும் விசையும் மிஞ்சியிருக்கின்றன. அதை வீணாக்காமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழலச்செய்து, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போவின் பணி. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905-ஆம் ஆண்டில் இந்தக் கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். சிறிய எஞ்சினிலிருந்து பெரிய இழுவையைப் பெறும் இன்றைய பிக்கப் வண்டிகள் அந்தக் கருத்தின் வழிவந்தவையே.

உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சக்கரங்கள் நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுகளுக்கும் மேல் சுழல்கின்றன. அச்சின் ஒருபுறம் புகையின் கடும் வெப்பம், மறுபுறம் வெளிக்காற்று. நடுவிலுள்ள அச்சைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். அந்தப் படலம் இருக்கும்வரை உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை. சில நொடிகள் ஆயில் வராமற்போனாலும், ஆயிலோடு மணலோ கரியோ கலந்து வந்தாலும் தாங்கி தேயத் தொடங்குகிறது. தேய்ந்தபின் அச்சு ஆடுகிறது; ஆடினால் சக்கரத்தின் இதழ்கள் உறையில் உரசுகின்றன; உரசல் தொடர்ந்தால் டர்போ அழிகிறது.

நமது நாட்டின் சாலைகளும் இந்த உறுப்பை வெவ்வேறு வகையில் சோதிக்கின்றன. இராஜஸ்தானத்துப் புழுதி ஏர் ஃபில்டரை விரைவில் அடைத்துவிடுகிறது. மலைப்பாதைகளில் உயரம் ஏறஏறக் காற்று மெலிவதால், அதே அளவு காற்றைத் தருவதற்கு டர்போ மேலும் விரைந்து சுழலவேண்டியிருக்கிறது. நகர நெரிசலில் ஓடும் வண்டியிலோ, எஞ்சின் முறையாகச் சூடேறாமல் கரி படிகிறது. எனவே, ‘இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை’ என்று வாகனக் கையேடு கூறும் கணக்கு, கடும் புழுதியிலும் அதிகச் சுமையிலும் ஓடும் வண்டிக்கு அப்படியே பொருந்தாது. அத்தகைய வண்டிகளுக்கு இடைவெளியைக் குறைக்கவேண்டும் என்று பல கையேடுகள் தாமே வேறோர் அட்டவணை தருகின்றன. அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் சிலரே.

பழுதின் வேர் வேறிடத்தில்

இழுவை குறைந்து கரும்புகை வந்தவுடன் பட்டறைகளில் பெரும்பாலும் சொல்லப்படும் தீர்ப்பு, “டர்போ போய்விட்டது” என்பதே. அந்தத் தீர்ப்பை உடனே ஏற்றுப் புதிய டர்போவை வாங்கிப் பொருத்துவதைத்தான் நாம் முதன்மையாக எதிர்க்கிறோம். டர்போ தானாகக் கெடுவது அரிது. ஆயில் வராமை, ஆயிலில் அழுக்கு, உள்ளே புகுந்த அயற்பொருள், மிகை வெப்பம் ஆகிய நான்கில் ஒன்றே அதைக் கெடுக்கிறது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு டர்போவை மட்டும் மாற்றினால், புதிய டர்போவும் அதே வழியில் செல்லும். சில வேளைகளில் முதல் பயணத்திலேயே செல்லும்.

எடுத்துக்காட்டாக, டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய குழாயின் உட்புறம் கரி படிந்து குறுகியிருக்கலாம். அதைக் கழற்றிப் பாராமல் பழைய குழாயிலேயே புதிய டர்போவை இணைப்பது வீண்செலவு. ஆயில் திரும்பிச் செல்லும் குழாய் அடைபட்டிருந்தால், நல்ல நிலையிலுள்ள டர்போவும் ஆயிலைக் கசியவிடும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எஞ்சினின் அடிப்பகுதியில் அழுத்தம் மிகுந்திருந்தாலும் அதே கசிவு தோன்றும். மூன்று நிலைகளிலும் வெளியே தெரியும் அறிகுறி நீலப்புகை ஒன்றுதான், மருந்தோ வேறுவேறு.

புகையின் நிறத்தைப் படிக்க உரிமையாளர் கற்றுக்கொள்வது நல்லது. கரும்புகை, டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்பதைச் சொல்கிறது. நீலப்புகை, ஆயில் எரிகிறது என்பதைச் சொல்கிறது. எஞ்சின் சூடான பின்னும் நீங்காத வெண்புகை, டீசல் எரியாமல் வெளியேறுவதையோ குளிர்நீர் சிலிண்டருக்குள் கசிவதையோ காட்டலாம். இவை மூன்றும் ஐயத்தைத் தொடங்கிவைக்கும் குறிப்புகளே. இறுதி முடிவைச் சோதனைதான் தரவேண்டும்.

எக்ஸாஸ்ட் வால்வு என்னும் மறக்கப்பட்ட உறுப்பு

டர்போவைப் பற்றிப் பேசுவோர் அளவுக்கு எக்ஸாஸ்ட் வால்வைப் பற்றிப் பேசுவோர் இல்லை. ஆயினும் இரண்டும் ஒரே புகைவழியில் அடுத்தடுத்து இருப்பவை. ஒன்றின் கேடு மற்றொன்றைத் தாக்கும். எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வும் நிமிடத்திற்கு 1,000 முறை திறந்து மூடுகிறது. முழுச் சுமையில் 600 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பமுள்ள புகை அதைச் சுற்றிப் பாய்கிறது. அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை வால்வு தன் இருக்கையில் அழுந்தி உட்காரும் அந்தக் குறுகிய நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது.

இதிலிருந்து ஒரு செய்தி விளங்கும். வால்வு முழுமையாக உட்காராவிட்டால் குளிர இயலாது. டாப்பெட் இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதி அளவு குறைந்தாலும் வால்வு சற்றே திறந்தபடி நிற்கும். அந்த இடுக்கின் வழியே தீ பாய்ந்து, விளிம்பு கருகி, நாளடைவில் துண்டாகவும் உடையும். இடைவெளி மிகுந்தால் ‘டக் டக்’ என்ற ஒலி எழுவதால் ஓட்டுநர் உடனே பட்டறைக்குச் செல்கிறார். இடைவெளி குறைந்தாலோ ஒலி அடங்கிவிடுகிறது. எஞ்சின் அமைதியாக ஓடுவதாக மகிழ்ச்சி உண்டாகிறது. இரண்டில் ஆபத்து மிகுந்தது இந்த அமைதியே.

வால்விலிருந்து உடைந்த துண்டு செல்வதற்கு ஒரே வழிதான் உண்டு; அது டர்போவின் சக்கரத்திற்குச் செல்லும் வழி. ஆகவே, கழற்றிய டர்போவின் புகைப்பக்கச் சக்கரத்தில் இதழ்கள் அடிபட்டு மழுங்கியிருந்தால், புதிய டர்போவை வாங்குவதற்கு முன் எஞ்சின் ஹெட்டைச் சோதித்தாகவேண்டும். காற்றுப்பக்கச் சக்கரம் அடிபட்டிருந்தால், ஏர் ஃபில்டரையும் அதற்குப் பிந்திய ஹோஸ்களையும் சோதிக்கவேண்டும். பழைய டர்போ ஒரு சாட்சி. அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் அதன் வாக்குமூலத்தைக் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

வால்வின் நிலையை அறியத் தெளிவான சோதனைகள் உள்ளன. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து ஒப்பிடுவது முதற்படி. ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், அந்தச் சிலிண்டரில் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும் நிலையில் அழுத்தக்காற்றைச் செலுத்திக் கவனிக்கவேண்டும். சைலன்சர் வழியே சீறல் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. காற்று நுழையும் பக்கத்தில் கேட்டால் இன்டேக் வால்வு கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியில் கேட்டால் பிஸ்டன் வளையம் தேய்ந்துள்ளது. எஞ்சினைப் பிரிக்காமலே இவ்வளவையும் அறிந்துகொள்ள முடிகிறது. டாப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு அளப்பதும் எளிய வேலையே. தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் அமைப்புள்ள எஞ்சின்களில் இந்த வேலை இராது. ஆனால் அந்த அமைப்பும் தூய ஆயிலையே நம்பியிருக்கிறது.

மலிவானதிலிருந்து விலைமிக்கதை நோக்கி

சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. செலவு குறைந்ததை முதலில் பார்ப்பது, செலவு மிகுந்ததைக் கடைசியில் பார்ப்பது என்பதே அந்த வரிசை. எஞ்சின் நின்று முற்றிலும் குளிர்ந்தபின் தொடங்கவேண்டும். ஓடும் எஞ்சினில் டர்போவின் வாயருகே கை கொண்டுசெல்வது விரல்களை இழப்பதற்கான வழி.

முதலாவது, ஆயிலின் அளவும் நிலையும். இரண்டாவது, ஏர் ஃபில்டர். மூன்றாவது, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் ஹோஸ்களும் கிளிப்புகளும். வெடிப்புள்ள இடத்தில் ஆயிலும் புழுதியும் சேர்ந்த கறை படிந்திருக்கும். ஒரு கிளிப் தளர்ந்தாலே டர்போ அழுத்தித் தரும் காற்று வெளியேறி, இழுவை குறைந்து, கரும்புகை எழும். டர்போ கெட்டதற்குரிய அனைத்து அறிகுறிகளும் தோன்றும். நான்காவது, எஞ்சினுக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள எக்ஸாஸ்ட் கேஸ்கெட். அங்கே புகை கசிந்தால் கரித்தடம் தெரியும். சக்கரத்தைச் சுழற்றவேண்டிய விசை வழியிலேயே வீணாகிறது.

ஐந்தாவது, ஈ.ஜி.ஆர். வால்வு. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் இந்த வால்வு கரியால் திறந்தபடி சிக்கிக்கொண்டால், அப்போதும் அதே கரும்புகை, அதே இழுவைக் குறைவு. ஆறாவது, டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரும் அதற்கு வரும் வேக்குவம் குழாயும். ஏழாவதாகத்தான் டர்போவின் அச்சைப் பார்க்கவேண்டும். காற்று ஹோஸைக் கழற்றி, அச்சைக் கையால் மெல்ல அசைத்தால் பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும். ஆயில் படலத்தில் மிதக்கும் தாங்கிக்கு அது இயல்பே. சக்கரம் உறையைத் தொடுமளவு ஆடினாலோ, முன்னும் பின்னுமாக அச்சு நகர்வது கைக்குத் தெளிவாகத் தெரிந்தாலோ தாங்கி தேய்ந்துவிட்டது என்று பொருள். ஹோஸின் உட்புறம் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை; ஆயில் தேங்கி நின்றால் மட்டும் கவலைப்படவேண்டும்.

இந்த ஏழில் முதல் ஐந்தை, ஒரு நல்ல மெக்கானிக் அரைநாளில் முடித்துவிடுவார். அவற்றில் எதற்கும் புதிய டர்போவின் விலையில் பெரும்பங்கு ஆகாது. இந்த வரிசையைத் தாவி நேராக ஏழாவதற்குச் செல்லும் பட்டறையிடம், “முதல் ஆறையும் பார்த்தாயிற்றா?” என்று கேட்கும் உரிமை வண்டிக்காரருக்கு உண்டு. கேட்பவரிடம் நல்ல மெக்கானிக் சினம்கொள்வதில்லை. விளக்கிச் சொல்வதில் அவருக்குப் பெருமைதான்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயில் மிகுதியாகக் கசியும் டர்போவோடு வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால், எஞ்சின் அந்த ஆயிலையே எரிபொருளாகக் கொண்டு தன்போக்கில் வேகமெடுக்கக்கூடும். அந்நிலையில் சாவியைத் திருப்பினாலும் அது நிற்காது. “இந்தச் சுமையை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்” என்ற நினைப்பு பணத்தோடு உயிரையும் பணயம் வைப்பதாகும்.

அடைத்துவிடும் யோசனை

2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.4 தரமும், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 தரமும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி சேர்ந்தது. டீசலிலுள்ள கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. நகரத்துக் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றைப் பொறுத்தவரை இவை பெரிய முன்னேற்றங்கள்.

ஆனால் இவற்றைத் தொல்லையாகக் கருதி, ஈ.ஜி.ஆர். வால்வைத் தகடு வைத்து அடைப்பதும் வடிகட்டியைக் குடைந்தெடுப்பதும் சில இடங்களில் வழக்கமாகி வருகின்றன. மைலேஜ் கூடும், டர்போ நீடிக்கும் என்று ஆசை காட்டப்படுகிறது. இதை நாம் வெளிப்படையாகக் கண்டிக்கிறோம். உற்பத்தியாளரின் உத்தரவாதத்தை இழக்கச் செய்யும் செயல் இது. மாசுக் கட்டுப்பாட்டுச் சோதனையிலும் தகுதிச் சான்றுச் சோதனையிலும் வண்டி சிக்கிக்கொள்ளும். விற்கும்போது விலை குறையும். எல்லாவற்றிற்கும் மேலாக, நம் வண்டியின் புகை நம் தெருவில்தான் தங்குகிறது.

வடிகட்டி அடைபடுவதற்கு முறையான தீர்வு உண்டு. குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வண்டியை இடையிடையே நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால், படிந்த கரி வெப்பத்தில் தானே எரிந்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரியும்போது அதைப் புறக்கணிக்கக்கூடாது. அடைபட்ட வடிகட்டியால் எழும் பின்னழுத்தம் டர்போவைச் சூடாக்கிக் கசியச் செய்யும். அதற்கென்று கையேட்டில் குறித்துள்ள தரத்து ஆயிலை மட்டுமே ஊற்றவேண்டும். லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதற்காக வேறு தரத்தை ஊற்றினால், அதன் சாம்பல் வடிகட்டியில் நிலையாகத் தங்கிவிடும்.

‘நேரம் இல்லை’ என்னும் மறுமொழி

நமது கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றை நாம் அறியாமல் இல்லை. “ஒரு நாள் வண்டியை நிறுத்தினால் ஒரு நாள் வாடகை போகிறது, சந்தைக்காரர் வேறு வண்டியை அழைத்துக்கொள்வார்” என்கின்றனர். இது நியாயமான கவலைதான். ஆனால் நாமே தேர்ந்தெடுத்த நாளில் அரைநாள் நிற்பதற்கும், சரக்கோடு நடுவழியில் எட்டு நாள் நிற்பதற்கும் இடையேதான் தேர்வு இருக்கிறது. சந்தை விடுமுறை நாளைச் சோதனை நாளாக வைத்துக்கொண்டால் அந்த அரைநாளும் இழப்பாகாது.

ஓட்டுநரைக் குறைசொல்வோரும் உண்டு. மலையேறி வந்தவுடன் எஞ்சினைச் சட்டென்று நிறுத்துகிறார் என்பர். நெடும் ஓட்டத்திற்குப் பின் ஓரிரு நிமிடம் எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு அணைத்தால், டர்போவின் வெப்பம் தணிந்து உள்ளிருக்கும் ஆயில் கருகாமல் இருக்கும். காலையில் கிளப்பியவுடன் சிறிது நேரம் உறுமவிடாமல் காத்திருந்தால், ஆயில் அச்சுவரை சென்றுசேரும். இவை ஓட்டுநருக்குத் தெரியாதவை அல்ல. பத்து நிமிடத் தாமதத்திற்குப் படியைக் குறைக்கும் உரிமையாளரிடம் பணிபுரிபவர், அந்த இரண்டு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பார்? எஞ்சினுக்கு ஓய்வு வேண்டுமென்றால் அதை ஓட்டுபவருக்கும் அவகாசம் கொடுக்கவேண்டும். புகை நிறம் மாறியதையோ புதிய சீறல் ஒலி கேட்பதையோ முதலில் அறிபவர் அவரே. அதைச் சொன்னதற்காக ஏச்சு வாங்கும் ஓட்டுநர் அடுத்தமுறை சொல்லமாட்டார்.

பழைய வண்டி வாங்குவோருக்கு

இரண்டாம் கை வண்டிக்குக் கடன் கேட்டு வருவோரிடம் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். பெயின்டையும் டயரையும் பார்த்து விலைபேசும் வழக்கம் மாறவேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று, தாமே முதல்முறை கிளப்பிப் பார்க்கவேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் தொடக்கப் புகையும் தொடக்க ஒலியும் மறைந்துவிடும். ஆயில் மூடியைத் திறந்து புகை அடித்து வருகிறதா என்று நோக்கவேண்டும். சுமையோடு மேட்டில் ஏற்றிப் பார்க்கவேண்டும். கம்ப்ரஷன் அளவு, டர்போ அச்சின் ஆட்டம் ஆகிய இரண்டையும் தமக்கு நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு எழுத்தில் பெறவேண்டும். பராமரிப்புச் சீட்டுகளைத் தர மறுக்கும் விற்பனையாளர், வண்டியின் வரலாற்றை மறைக்கிறார் என்றே கொள்ளலாம்.

வங்கியின் பங்கும் வாடிக்கையாளரின் பங்கும்

வாடிக்கையாளருக்கு அறிவுரை கூறிவிட்டு வங்கித் துறை ஒதுங்கிக்கொள்வது முறையாகாது. வண்டி ஓடினால்தான் கடன் திரும்பும். ஆகவே வாகனக் கடன் வழங்கும்போதே பராமரிப்புச் செலவைத் திட்ட மதிப்பீட்டில் ஓர் இனமாகச் சேர்க்கவேண்டும் என்பது நமது நிலைப்பாடு. பழைய வண்டிக் கடனில் எஞ்சின் சோதனைச் சீட்டை ஆவணங்களுள் ஒன்றாகக் கேட்பதும் நன்று. ஒழுங்காகத் தவணை கட்டிவரும் ஒருவர் பழுதுச் செலவுக்கு வந்து நிற்கும்போது, அவரைக் கந்துவட்டியின் வாசலுக்கு அனுப்பாமல், சிறுகடன் வழியாக உதவ வங்கிகள் முன்வரவேண்டும். ஒரு சிறு தொகையை மறுத்ததால் பெருங்கடன் வாராக்கடனாவது வங்கிக்கும் இழப்பே.

வாடிக்கையாளர் செய்யக்கூடியது எளிது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 ரூபாய் என்று ஒதுக்குங்கள். மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 3,000 ரூபாய். அதைத் தொடர்வைப்புக் கணக்கில் இட்டால், வட்டியைச் சேர்க்காமலே ஓராண்டில் 36,000 ரூபாய். நமது எடுத்துக்காட்டில் கண்ட பழுதுச் செலவை அத்தொகை முழுமையாக ஈடுசெய்கிறது. பழுது வராத ஆண்டில் அது டயருக்கும் காப்பீட்டுக்கும் பயன்படும். கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றிய நாள், அப்போதைய கிலோமீட்டர், டாப்பெட் பார்த்த நாள், கம்ப்ரஷன் அளவு, டர்போ அச்சின் நிலை ஆகியவற்றை அதில் குறித்து வாருங்கள். விற்கும் நாளில் அந்த நோட்டு வண்டியின் விலையைக் கூட்டும்.

கடன் முடிந்து தடையில்லாச் சான்றுடன் படிவம் 35-ஐப் பெற்று, பதிவுச் சான்றிலிருந்து வங்கியின் பெயர் நீங்கும் நாள் ஒவ்வொரு வண்டிக்காரரும் எதிர்நோக்கும் நாள். அந்த நாளில் கையில் மிஞ்சுவது ஓடும் வண்டியா, நிற்கும் வண்டியா என்பதை இன்றைய பராமரிப்பே தீர்மானிக்கிறது. ஐந்தாண்டு தவணை கட்டி முடித்தவருக்கு, மேலும் ஐந்தாண்டு தவணையின்றி ஈட்டித்தரும் எஞ்சின் கிடைக்கவேண்டும். வரும் சந்தை விடுமுறையில் ஏர் ஃபில்டரையும் ஹோஸ் கிளிப்புகளையும் பார்ப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.